டெங்கு டுவோ கார்டு: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

எஸ்டி பயோலைன் டெங்கு டுவோ, ரத்தத்தில் டெங்குவைச் சில நிமிடங்களில் சோதிக்கும் கார்டு. அதில் இரண்டு பட்டைகள். ஒன்று என்எஸ்1 ஆன்டிஜெனை, அதாவது டெங்கு வைரஸின் ஒரு புரதத்தைப் பார்க்கும். மற்றது வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளை: முதலில் வரும் ஐஜிஎம், நீண்ட காலம் தங்கும் ஐஜிஜி. என்எஸ்1 பட்டைக்கு மூன்று சொட்டு ரத்த சாம்பிள், சுமார் 100 மைக்ரோலிட்டர். ஆன்டிபாடி பட்டைக்கு 10 மைக்ரோலிட்டர்தான், பிறகு டைலூயன்ட் (கிட்டோடு வரும் கரைசல்) நான்கு சொட்டு. 15 முதல் 20 நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். அதற்குள் தெரியும் லேசான கோடும் பாசிட்டிவ்தான். அரை மணி கழித்து முளைக்கும் கோட்டை ரிப்போர்ட்டில் எழுதக்கூடாது.

சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கவரை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் பிரித்தால், ஈரம் கோர்த்து ஓட்டம் கெடும். 10 மைக்ரோலிட்டரைக் கண்ணளவில் விட்டால் ரத்தம் கூடி, பின்னணி சிவந்து, மங்கலான கோடு அதில் மறைந்துபோகும்.

காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்கு என்எஸ்1 பட்டை நல்ல சரக்கு. கொசு கடித்த தோலில் டென்ட்ரிடிக் செல்களுக்குள் புகும் வைரஸ், அடுத்து மோனோசைட், மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களில் பெருகுகிறது. தொற்றிய செல்கள் ரத்தத்தில் கொட்டும் என்எஸ்1 புரதத்தைத்தான் கார்டு பிடிக்கிறது. ஆன்டிபாடி உருவாகும் முன்பே விடை கிடைப்பது அதனால்தான்.

இரண்டாம் முறை டெங்கு வந்தவரிடம் கார்டு சறுக்கும். பழைய தொற்று விட்டுப்போன ஐஜிஜி, என்எஸ்1-ஐச் சூழ்ந்து ஒட்டிக்கொள்ள, கோடு விழாமலே போகலாம். அதே பழைய தொற்றின் ஆன்டிபாடிகள் புதிய வைரஸையும் அரைகுறையாகப் பிடித்து, மோனோசைட்டின் எஃப்சி ஏற்பி (ஆன்டிபாடியைப் பிடிக்கும் கொக்கி) வழியாக உள்ளே கொண்டுபோய், இன்னும் பெருக விடுகின்றன. ஆக, கார்டு தவறவிட வாய்ப்புள்ள ஆளுக்கே நோய் முற்றும் ஆபத்தும் அதிகம். என்எஸ்1 நெகட்டிவ், மூன்றாம் நாளிலேயே ஐஜிஜி அழுத்தமாகப் பாசிட்டிவ், வெள்ளணுக்களும் சரிகின்றன என்றால் 'டெங்கு இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஐஜிஎம் கோடு தனியாக வந்தால் அவசரம் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் முந்தைய டெங்குவின் மிச்சமாக இருக்கலாம். ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் இதே கோடு விழலாம். அரசுக் கணக்கில் எலிசா என்ற ஆய்வகச் சோதனையின் முடிவுதான் செல்லும். அதற்கான ஐஜிஎம் கிட்டை புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் (என்ஐவி), நோய்க் கண்காணிப்புக்கான சென்டினல் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது.

சிறிய லேபுக்குத் தாராளமாக வாங்கலாம், கூடவே சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) போடும் வசதி இருந்தால். காய்ச்சல் விடும் நாளில் ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவதையும் பிளேட்லெட் இறங்குவதையும் இந்தக் கார்டு சொல்லாது.