“ரிலீஸ் நான் பார்த்துக்கிறேன்” என்பவரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுப்பதற்கு முன்

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். படம் முடிந்துவிட்டதாம். சென்னையில் ஒருத்தர் தியேட்டர், ஓடிடி, சாட்டிலைட் (டிவி உரிமை), எஃப்.எம்.எஸ். (வெளிநாட்டு உரிமை) எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜில் முடித்துத் தருகிறேன் என்றாராம், அதற்கு முதலில் ஒரு டெபாசிட் கேட்கிறாராம். ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் பேசிய விதத்தைத் தம்பி சொல்லச் சொல்ல, எனக்கு எங்கள் கதையைத் திரும்பக் கேட்பது போலவே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

நாங்கள் கும்பகோணத்தில் கம்பெனி நடத்துகிறோம். கம்பெனி என்றால் மூன்று பேர், இரண்டு கேமரா, மாடியில் ஒரு எடிட்டிங் அறை. சோறு போடுவது கல்யாண வீடியோ, காதுகுத்து, குடமுழுக்கு நேரலை. மார்கழியிலும் ஆடியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு சினிமா மாதம். முதல் படத்தை 2023 மார்கழியில் ஆரம்பித்தோம். சம்பா பயிர் இடுப்பளவு நின்றது. வயல்காரர்கள் வரப்பில் டிராலி போட விட்டார்கள், மோட்டார் கொட்டகையில் கரண்ட் கொடுத்தார்கள். ஒரு அத்தை யூனிட் முழுவதற்கும் தினமும் கத்தரிக்காய் கொத்சு வைத்துக்கொடுத்தார். சினிமா எடுப்பதில் சுகம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நாட்கள்தான்.

பொங்கலுக்கு முன்னால் பணம் நின்றுபோனது. மறுபடி பணம் புரட்டுவதற்குள் கதிர் பழுத்து அறுவடை மெஷின் இறங்கிவிட்டது. மீதிக் காட்சிகளுக்கும் பச்சை வயல் வேண்டும். சரி, குறுவையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். 2024-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28 ஆகிவிட்டது. எங்கள் லொக்கேஷன் பக்கம் குறுவையே போடவில்லை. மறுபடி சம்பா வரும்வரை, பாதிப் படத்துக்கு முழு வட்டி கட்டினோம். அதற்குள் ஹீரோ தாடியை எடுத்துவிட்டார், அது தனிக்கதை.

அந்த வட்டிதான் இப்படிப்பட்ட ஆட்களுக்கு வாசல். படம் முடித்தவனுக்குக் கையில் காசு இருக்காது, அவசரம் மட்டும் இருக்கும். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்களுக்கு வாய்த்த விநியோகஸ்தருக்கு சாலிகிராமத்தில் ஆபீஸ், சுவர் முழுக்கப் பட போஸ்டர்கள். (அந்தப் படங்களில் பாதிக்கு அவர் செய்தது போஸ்டர் ஒட்டும் கான்ட்ராக்ட் மட்டும்தான் என்று பின்னால் தெரிந்தது.) படத்தை அரை மணி நேரம் பார்த்தார். “தம்பி, மண்ணு வாசனை அப்படியே வருதுப்பா. உங்க டிடி ஏரியாவுல மட்டும் இருபது தியேட்டர் போடுறோம்” என்றார். டிடி என்றால் திருச்சி–தஞ்சாவூர் விநியோக ஏரியா. எம்.ஜி., அதாவது வசூல் எப்படி இருந்தாலும் முன்கூட்டியே தரும் மினிமம் கேரண்டி, தருவீர்களா என்று கேட்டோம். “புது ஆளுங்களுக்கு எவன்ப்பா எம்.ஜி. தர்றான்? கமிஷன்ல பண்ணலாம்.” அது நியாயமான பேச்சுதான். எங்களை மாதிரி படத்துக்கு யாரும் எம்.ஜி. தரமாட்டார்கள். ஆனால் கமிஷன்காரர் என்றால் வசூலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இவர் வசூலுக்கு முன்னாலேயே எடுத்தார். ரிலீஸ் டெபாசிட், ஓடிடி-க்கு கியூ.சி. (தரச் சோதனை) சார்ஜ், ‘இன்டர்நேஷனல் ஃபெஸ்டிவல் பேக்கேஜ்’ என்று துண்டு துண்டாக மூன்றரை லட்சத்துக்கு மேல் போனது.

ஃபெஸ்டிவல் பேக்கேஜ் பற்றி ஒரு வார்த்தை. மாதாமாதம் ஆன்லைனில் மட்டும் நடக்கும் ‘விழா’க்கள் உண்டு. கட்டணம் கட்டினால் ஏதாவது ஒரு விருது நிச்சயம். போஸ்டரில் இலை வளையம் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். எந்த ஓடிடி-யும் அந்த இலையை எண்ணிப் படம் வாங்குவதில்லை.

சென்சாருக்கும் ஒரு தொகை சொன்னார். சென்சாருக்கு இடைத்தரகரே தேவையில்லை. விண்ணப்பம் இ-சினிபிரமாண் தளத்தில், நம் கம்பெனி பெயரில் நாமே லாகின் எடுத்துப் போடலாம். “உங்க பேர்ல போட்டா இழுக்கும், எங்க பேனர்ல போட்டா ஒரே வாரம்” என்று அவர் விடாமல் சொன்னார். அதற்கு மட்டும் நாங்கள் அசையவில்லை. சர்டிபிகேட்டில் விண்ணப்பதாரர் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் அச்சாகி வரும், நாளைக்குப் படம் யாருடையது என்று கேள்வி வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். மாடு வருகிற காட்சிக்கு விலங்குகள் நல வாரியத்தின் சான்று வேண்டும். டெல்டாவில் மாடு இல்லாமல் எங்கே ஃப்ரேம் வைப்பது? முன்பு அந்த அலுவலகம் திருவான்மியூரில் இருந்தது, 2018-ல் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. தூரம் போனதால் நடுவில் ஆட்கள் முளைத்துவிட்டார்கள். மாட்டைக் கூப்பிடுவதற்கு முன்பே அனுமதி வாங்கிவிட்டால் அவர்களுக்கு வேலை இல்லை.

தமிழக அரசு சிறு முதலீட்டுத் தரமான படங்களுக்குத் தரும் 7 லட்சம் மானியத்தையும் காட்டி ஒரு லட்சம் கேட்டார், “உள்ள ஆள் இருக்கு” என்று. அது செய்தி மக்கள் தொடர்புத் துறை விண்ணப்பம் கோரி, குழு பார்த்துத் தேர்ந்தெடுப்பது. அந்த ஒரு லட்சத்தை நாங்கள் கொடுக்கவில்லை.

ரிலீஸ் அன்று இருபது தியேட்டர் ஐந்தாகிவிட்டது, எல்லாமே காலை ஷோ மட்டும். திருவாரூரில் பதினொரு மணிக்கு ஊர்க்காரர்கள் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள், திரை வெள்ளையாக இருக்கிறது. கேபினுக்கு ஓடினால் ஆபரேட்டர் சர்வர் திரையைக் காட்டினார். படம் ஏறியிருக்கிறது, பக்கத்தில் பூட்டுப் படம். “கீ வரலண்ணே. பணம் கட்டலன்னு கம்பெனியில சொல்றாங்க.” டிஜிட்டல் புரொஜெக்ஷனில் படத்தை அனுப்பினால் மட்டும் போதாது. அந்த சர்வருக்கென்று, இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை என்று கே.டி.எம். சாவி தனியாக வர வேண்டும். அதற்கான பணத்தை அவரிடம் என்றைக்கோ கொடுத்துவிட்டோம். அவர் கட்டவில்லை, போனும் ஸ்விட்ச் ஆஃப். கடைசியில் நாங்களே மறுபடி கட்டி, பன்னிரண்டரைக்குப் படம் ஓடியது. அதற்குள் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அடுத்து டி.சி.ஆர்., தினசரி வசூல் கணக்கு. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாளில் மயிலாடுதுறை தியேட்டரின் முதல் நாள் ஷோ ‘ஆள் இல்லை, கேன்சல்’ என்று இருந்தது. அந்த ஷோவில் நான் உட்கார்ந்திருந்தேன். என் மாமா வீட்டு ஆட்களே ஒரு வரிசை. நேராகத் தியேட்டர் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் கையெழுத்துப் போட்ட தாளில் டிக்கெட் வரிசை எண்ணிலிருந்து வரி பிடித்தது வரை எல்லாம் சுத்தமாக இருந்தது. “உங்க ஆளுக்கு அன்னைக்கே அனுப்பிட்டேனே சார்” என்றார். விநியோகஸ்தர் டைப் செய்து அனுப்பும் கணக்கை வாங்காதீர்கள். தியேட்டர் கையெழுத்துள்ள டி.சி.ஆர். நேரடியாக உங்களுக்கும் ஒரு நகல் வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். சில மாதம் கழித்து எங்கள் படத்தின் பாட்டு ஒன்றை எங்கள் யூடியூப் சேனலில் போட்டோம். மாலைக்குள் காப்புரிமை கிளெய்ம் வந்தது, அந்த ஆளின் கம்பெனி பெயரில். தேடிப் பார்த்தால் முழுப் படமும் வேறொரு சேனலில் விளம்பரத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிடி-க்கு என்று கொடுத்த ஹார்ட் டிஸ்க் அங்கே போயிருக்கிறது. எங்கள் பாட்டை நாங்கள் போட, அதன் வருமானம் அவருக்கு.

கேட்டதற்கு ஒப்பந்தத்தின் ஸ்கேன் ஒன்றை அனுப்பினார். அதில் மூன்றாம் பக்கத்தில் எல்லா டிஜிட்டல் உரிமையும், உலகம் முழுவதும், நிரந்தரமாக, 19(4) பொருந்தாது என்று இருக்கிறது. எங்களிடம் உள்ள பிரதியில் அதே பக்கம் தியேட்டர் விநியோகம் மட்டும், தமிழ்நாடு மட்டும், ஓராண்டு என்கிறது. எங்கள் பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் இருவர் கையெழுத்தும் உண்டு. அவர் அனுப்பியதில் மற்ற எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் மட்டும் இல்லை. எழுத்துருவும் ஒரு சுற்றுச் சின்னது.

அந்த 19(4) என்ன என்று தஞ்சாவூர் வக்கீல் விளக்கினார். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் கொடுக்க முடியும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்வார்கள். அதில் 19(4) சொல்வது, வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. அந்த ‘ஒழிய’-வுக்குள் நுழைவதற்குத்தான் ‘நிரந்தரமாக’, ‘பொருந்தாது’ எல்லாம். உங்களிடம் வரும் ஒப்பந்தத்தில் இந்த இரண்டு சொல் இருந்தால், டீ வந்தால் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

யூடியூபில் கிளெய்மை மறுத்து எழுதினால் எதிராளி பதில் சொல்ல 30 நாள். சென்சார் சர்டிபிகேட், எங்கள் பிரதி, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் வக்கீல் வரிசையாக அடுக்கி எழுதினார். கிளெய்ம் விழுந்தது, அந்தச் சேனலிலிருந்து படமும் இறங்கியது. அதுவரை வந்த விளம்பரப் பணம் எங்கே என்பதற்கு இன்னும் பதில் இல்லை. வக்கீல் நோட்டீஸ் ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று திரும்பியது. போலீஸில் கொடுத்த புகாருக்கு ரசீது கையில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் வரவில்லை.

இரண்டாவது படத்துக்கு இந்த மார்கழியில் வேலை தொடங்குகிறோம். இந்த முறை தியேட்டரை நாங்களே பேசப்போகிறோம், நான்கு ஊர் போதும். மன்னார்குடித் தம்பி தனக்கு வந்த ஒப்பந்தத்தை அனுப்பியிருந்தார். மூன்றாம் பக்கம் வரிக்கு வரி அப்படியே இருக்கிறது, லெட்டர்ஹெட் மட்டும் வேறு. வேறு யாருக்காவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் இரண்டு பிரதிகளையும் பெயர் மறைத்து அனுப்புகிறேன்.