சிவப்புக் கடற்பாசிக்கு மரபணு வரிசை: கொழும்பு ஆய்வுகூடச் சேவை ஒன்றின் மதிப்பீடு

காய்ந்த பாசித் துண்டைக் கொடுத்தால் டிஎன்ஏ பிரித்து, பிசிஆரில் (டிஎன்ஏயின் ஒரு பகுதியைப் பல பிரதிகளாக்கும் முறை) பெருக்கி, சாங்கர் முறையில் அதன் எழுத்து வரிசையை வாசித்து, இனப்பெயருடன் அறிக்கை தரும் தனியார் ஆய்வுகூடம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. கற்பிட்டியிலோ மன்னாரிலோ சேகரித்த கிறசிலேரியா என்ற சிவப்புப் பாசியைக் கண்ணால் பார்த்து இனம் பிரிப்பது கடினம். கிளையும் தடிப்பும் இடத்துக்கிடம் மாறும். ஆகவே இப்படியொரு சேவை தேவைதான்.

வரிசை வாசிப்பில் குறையில்லை. இனம் காண வாசிக்கும் சிஓஐ-5பி என்ற இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) மரபணுப் பகுதி ஏறக்குறைய 660 தளங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) நீளம். அதை இரு திசையிலும் வாசித்து, மூலக் கோப்பான ஏபி1-ஐக் கேளாமலே அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வாசிப்பிலும் முதல் 30, 40 தளங்கள் தெளிவாக வராது. எதிர்த்திசை வாசிப்பு அதைச் சரிசெய்துவிடும்.

கோளாறு டிஎன்ஏ பிரித்தெடுப்பில். இலைக்குச் செய்த கிட்டையே பாசிக்கும் பயன்படுத்துகிறார்கள். கிறசிலேரியாவில் ஏகாரும் கப்பாபைக்கஸ் என்ற இன்னொரு சிவப்புப் பாசியில் கராஜீனனும் நிறைய உண்டு. சூட்டில் இந்தப் பல்சக்கரைட்டுகள் (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) கரைந்து கஞ்சிபோலத் தடித்து வடிகட்டியை அடைக்கும். தப்பி வருவது பிசிஆர் நொதியைத் தடுக்கும். டிஎன்ஏயின் தூய்மையை ஒளி உறிஞ்சலால் காட்டும் 260/230 விகிதம் 1.5-க்குக் கீழே இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அறிக்கையில் வெறுமனே 'பெருக்கம் இல்லை' என்று வரும், கட்டணமும் அறவிடப்படும். எனவே சிடிஏபி என்ற சவர்க்காரப் பொருளால் டிஎன்ஏ பிரிக்கும் முறையை எழுத்தில் கேளுங்கள்: 20 மில்லிகிராம் காய்ந்த நுனி, 2% சிடிஏபி, 2% பிவிபி, 65 பாகையில் ஒரு மணி நேரம், குளோரோபோம் கழுவல் இருமுறை. உப்புச் செறிவு 1.4 மோலாருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் பல்சக்கரைட்டு டிஎன்ஏயோடு சேர்ந்து வீழ்படிவாகும். அப்படியும் பெருகாவிட்டால் மாதிரியை 10 மடங்கு, 50 மடங்கு ஐதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

ஒளித்தொகுப்புக்குரிய ஆர்பிசிஎல் மரபணுவைக் கேட்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அது 1467 தளம் நீளம். இரண்டே பிரைமரால் (வாசிப்பைத் தொடக்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இரு முனையிலிருந்தும் வாசித்தால் நடுப்பகுதிக்கு ஒற்றை வாசிப்புத்தான் கிடைக்கும், அதுவும் தரம் இறங்கும் இடத்தில். எஃப்577, ஆர்753 என்ற உள் பிரைமர்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். செலவு கூடும், ஆனால் உறவுமரம் வரைய ஆர்பிசிஎல் இன்றியமையாதது. சிஓஐ இனத்தை இனத்திலிருந்து நன்றாகப் பிரிக்கும். சாதிகளுக்கிடையிலான (சாதி: நெருங்கிய இனங்களைக் கொண்ட பேரினம், genus) பழைய உறவைச் சொல்ல அது போதாது.

அறிக்கையின் பெயர்ப் பகுதியை நம்ப வேண்டாம். ஜென்பேங்க் என்ற பொது வரிசைத் தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிவிடுகிறார்கள். சிஓஐயில் ஒரே இனத்துக்குள் வேறுபாடு பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. 97 சதவீதப் பொருத்தம் என்றால் அது பெரும்பாலும் வேறு இனம், அவ்வளவுதான். கிறசிலேரியா எடுலிஸும் ஹைட்ரோபன்டியா எடுலிஸும் ஒரே பாசிக்குரிய இரண்டு பெயர்கள் என்பதும் அறிக்கையில் தெரியாது. இதைவிடப் பெரிய தவறு, சிஓஐயை வழக்கமான மரபுக்குறியீட்டு அட்டவணையில் மொழிபெயர்த்துவிட்டு 'நிறுத்தக் குறிகள் உண்டு, போலி மரபணு' என்று எழுதுவது. சிவப்புப் பாசியின் இழைமணியில் டிஜிஏ நிறுத்தக் குறி அன்று, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்துக்குரியது. இந்த வேறுபாட்டைக் கொண்ட மரபுக்குறியீட்டு அட்டவணை 4-இல் பார்த்தால் அந்த 'நிறுத்தங்கள்' மறைந்துவிடும்.

இணைத்துத் தரும் உறவுமரத்தில் வெளிக்குழுவும் (மரத்தின் வேரைக் காட்ட ஒப்பிடும் வெளி உறவினர்) இல்லை, பூட்ஸ்ட்ராப் மதிப்பும் (ஒவ்வொரு கிளையும் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் காட்டும் எண்) இல்லை. கிறசிலேரியாவுக்குக் கிறசிலேரியோப்சிஸை வெளிக்குழுவாக வைத்து நீங்களே உச்ச நிகழ்தகவு (maximum likelihood) முறையில் வரையுங்கள்.

ஆகவே முழுப் பொதியை வாங்கத் தேவையில்லை. பிரித்தெடுப்பையும் பெருக்கலையும் வேறிடத்தில் செய்ய வசதியுள்ளவர் வரிசை வாசிப்பை மட்டும் இங்கே கொடுக்கலாம். வசதியில்லாதவர் மேற்சொன்ன நிபந்தனைகளை எழுதிக் கொடுத்த பின்பே பணம் கட்டட்டும். மாதிரியைக் கையளிக்கும் முன் ஒட்டுப்பாசிகளைத் தூரிகையால் அகற்றி, சிலிக்கா ஜெல்லில் உலர்த்துங்கள். ஃபோர்மலினில் போட்டது இதற்கு உதவாது. அதே செடியின் இன்னொரு துண்டை அழுத்தி உலர்த்தி, அறிக்கையின் இலக்கத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.