ஒன்றரை வருட தனி ட்யூஷன், என் அனுபவம்

கூட வேலை பார்க்கும் ஒருவர் நேற்று கேட்டார்: "உங்க பொண்ணுக்கு ஆன்லைன்ல தனி ட்யூஷன் வச்சீங்களே, என் பையனையும் சேர்க்கலாமா?" டீக்கடை வாசலில் நின்றபடி ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மகள் எட்டாம் வகுப்பு போனபோது கணக்குக்காகச் சேர்த்தேன். வாரம் 3 வகுப்பு, ஒரு டீச்சர், ஒரு பிள்ளை. வகுப்பு நேரத்தை மாற்றிக் கேட்டால் மாற்றித் தருவார்கள், பதிவுகளும் கிடைக்கும். அதிலெல்லாம் குறை இல்லை.

என் கோபம் வேறு. சேரும்போதே ஒரு கேள்வித்தாள் வைத்தார்கள். "புது இடத்துக்கு வழி கேட்டால் வரைபடம் பிடிக்குமா, சொல்லிக் கேட்பது பிடிக்குமா?" இந்த மாதிரி இருபது கேள்விகள். முடிவில் 'விஷுவல் லேர்னர்', அதாவது பார்த்துப் படிக்கிற பிள்ளை, என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாமே படம். பின்னத்துக்குப் பீட்சா, சமன்பாட்டுக்குத் தராசு. வகுப்பு முடிந்ததும் "நல்லா புரிஞ்சுதும்மா" என்பாள். நோட்டில் ஐந்து கணக்கில் மூன்று தப்பு.

நான்காம் மாதம் டீச்சர் மாறினார். புதிதாக வந்த மிஸ் முதல் நாளே, "முகம் தெரிய வேண்டாம், போனை ரெண்டு டப்பா மேல வச்சு நோட்டைக் காட்டு. போடுறதைச் சொல்லிக்கிட்டே போடு" என்றார். 10 − (6 − 2) என்ற கணக்கு. இவள் ப்ராக்கெட்டை எடுத்துவிட்டு 10 − 6 − 2 என்று எழுதி, விடை 2 என்றாள். தப்பு என்று அவர் சொல்லவில்லை. "ஏன் அப்படி?" என்று மட்டும் கேட்டார். "மைனஸ் 6-க்குப் போயிடுச்சு மிஸ், அப்புறம் 2 அப்படியே வரும்." பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கே அப்போதுதான் விளங்கியது. வெளியே இருக்கும் மைனஸ் முதல் எண்ணோடு தீர்ந்துபோகும் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறாள்! ப்ராக்கெட்டுக்குள் இருப்பதை முதலில் போடச் சொன்னார். 10 − 4, விடை 6. ஒரே கணக்குக்கு இரண்டு விடை எப்படி வரும் என்று அவளே நோட்டைப் பார்த்து முழித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே 2-க்கு முன்னால் பிளஸ் போட்டாள். அந்தத் தப்பு அப்புறம் வரவே இல்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் சராசரி மாணவரே சாதாரண வகுப்பில் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடுகிறார் என்று பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1984-இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை என்றாலும், பலன் இருக்கிறது. ஆனால் பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அந்த வழியிலேயே நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே ஹெரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். படம் போடுவது தப்பில்லை. வடிவியலுக்குப் படம் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். என் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி என்றால், அவள் எந்த இடத்தில் சறுக்குகிறாள் என்று பார்ப்பதுதானே? அதற்குக் காசு கொடுக்க எனக்கு வருத்தமே இல்லை.

அந்த மிஸ் போன மாதம் வேலையை விட்டுவிட்டார். பதினான்கு மாதமாக என் மகளின் நோட்டை வரி வரியாகப் பார்த்தவர் அவர்; வருகிறவருக்கு ஒரு குறிப்பாவது எழுதிக் கொடுக்க வைத்திருக்கலாம். புது டீச்சரிடம் இருந்தது 'விஷுவல் லேர்னர்' என்ற ஒற்றை வரிதான். முதல் வகுப்பில் மறுபடி பீட்சா. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு! கோஆர்டினேட்டருக்குப் போன் போட்டு நோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். வேண்டுமானால் அந்த இருபது கேள்வி டெஸ்ட்டைத் திரும்ப வைக்கிறோம் என்றார்.

அந்த மிஸ் சொல்லிக்கொடுத்ததற்கு வாங்கிய பணத்தைப் போல இரண்டு மடங்கு கொடுத்திருந்தாலும் தகும். ஆனாலும் அடுத்த தவணையை நான் கட்டவில்லை. உங்கள் பையனைச் சேர்க்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் வேண்டாம்.