மார்த்தாண்டம் பக்கம் விற்கும் சோலார் பேனல்கள்: தயாரிப்பில் ஆன சேதத்தையும் கணக்கில் சேர்த்து ஒரு மதிப்பீடு

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை எந்தக் கடையில் கேட்டாலும் வீட்டுக்கென்று காட்டுவது பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, முன்னால் 3.2 மி.மீ. கண்ணாடியும் பின்னால் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டும் உள்ள மோனோ பெர்க். மற்றது, இரு பக்கமும் 2 மி.மீ. கண்ணாடி வைத்த, இரு பக்க வெளிச்சத்தையும் வாங்கும் பைஃபேஷியல் டாப்கான். பெர்க், டாப்கான் என்பவை உள்ளே இருக்கும் செல்லின் வகைகள். வாட், விலை, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் எல்லாம் டீலரே சொல்லிவிடுவார். பேனலைச் செய்யும்போது காற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆனது என்பது அவர் பேச்சில் வராது.

பேனலின் மூலப்பொருளான சிலிக்கானைச் செய்வதிலேயே நிறைய மின்சாரம் போகிறது. குவார்ட்ஸ் கல்லை நிலக்கரி, கோக், மரத்துண்டுகளோடு மின்வில் உலையில் போட்டு 1,800 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். கிலோவுக்கு 11 முதல் 13 யூனிட் ஆகும். அப்படி வரும் சிலிக்கானின் சுத்தம் பேனலுக்குப் போதாது. ஹைட்ரஜன் குளோரைடோடு சேர்த்து டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக ஆக்கி, காய்ச்சி வடித்து, 1,100 டிகிரியில் சிவந்து நிற்கும் கம்பிகளின் மேல் மறுபடி சிலிக்கானாகப் படிய வைக்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு மட்டும் கிலோவுக்கு 50 முதல் 70 யூனிட் வரை இழுக்கும். 540 வாட் பேனல் ஒன்றுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ பாலிசிலிக்கான், அதாவது இப்படிச் சுத்தமாக்கிய சிலிக்கான், தேவை என்று வைத்தால், எழுபது யூனிட் போல அங்கேயே காலி. குமரி வெயிலில் அதே பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 2 யூனிட் சொச்சம் தரும். ஆக, அந்த எழுபது ஒரு மாதத்தில் திரும்பிவிடும். இங்காட் எனும் சிலிக்கான் கட்டி, செல், கண்ணாடி, அலுமினிய பிரேம் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு.

மின்சாரத்தை விடப் பயமுறுத்தியது சிலிக்கான் டெட்ராகுளோரைடு. ஒரு டன் பாலிசிலிக்கானுக்கு 3, 4 டன் அளவில் வரும் துணைப்பொருள் இது. ஈரம் பட்டதும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகப் புகையும். 2008-ல் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் இதை ஊர் அருகே கொட்டிய செய்தி வெளியானது. 2011-ல் 98.5 சதவீதத்தையாவது மீட்டெடுக்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது. ஹைட்ரஜன் சேர்த்து மறுபடி டிரைகுளோரோசிலேன் ஆக்கிச் சுற்றில் விடுவதே இன்றைய முறை. ஆலைக்கும் அதுதான் லாபம். தீராமல் நிற்பது நிலக்கரி. உலக அளவில் பேனல் தயாரிப்புக்கு ஓடும் மின்சாரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் சொன்னது.

மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து தாது எடுக்கும் விவகாரத்தைப் பார்த்தவர்கள், சோலாருக்கும் அந்த அரிய மண் தாதுக்கள் வேண்டுமே என்று கேட்பதுண்டு. வேண்டாம். சிலிக்கான் பேனலில் அரிய மண் தனிமம் கிடையாது. அதில் உள்ள கெட்ட சாமான் செல்களை இணைக்கும் ரிப்பன் கம்பியின் பற்றவைப்பில் இருக்கும் ஈயம். செல் செய்யும் ஆலையில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கழிவுநீரும் உண்டு. சுண்ணாம்பு போட்டு அதைக் கால்சியம் ஃபுளோரைடு சேறாக இறக்க வேண்டும். மானியத்துக்கு டிசிஆர் பேனல், அதாவது செல்லும் முழுப் பேனலும் இந்தியாவில் செய்தது, கட்டாயம். வாங்க வேண்டியதுதான். ஆனால் உள்நாட்டுச் சரக்கு என்பதால் சுத்தமான சரக்கு என்று ஆகாது. செல் ஆலை நெல்லை கங்கைகொண்டான் வரை வந்துவிட்ட பிறகு, கழிவுநீரைக் கண்காணிப்பதும் நம் பக்கத்து வேலை.

இனி முக்கியமான கணக்கு. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் 2021-ல் கணக்கிட்டபடி, சீனாவில் செய்த பின்ஷீட் வகை பேனலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 810 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. நம் பக்கம் ஆண்டுக்கு 1,400 யூனிட் என்று எடுத்தால், 25 ஆண்டு உழைக்கும் பேனலில் யூனிட்டுக்குச் சுமார் 23 கிராம் விழும். பத்தே ஆண்டில் கழற்றிப் போட்டால் 58 கிராம். தயாரிப்பில் ஆன சேதத்தை இனி யாரும் குறைக்க முடியாது; எத்தனை ஆண்டுக்குப் பங்கு போடுகிறோம் என்பது மட்டும்தான் வாங்குகிறவர் கையில் இருக்கிறது. அதனால் இந்த ஊர் உப்புக்காற்றுக்கும் இரண்டு பருவமழைக்கும் எது தாங்கும் என்றே பார்க்க வேண்டும்.

அந்த வகையில் இரட்டைக் கண்ணாடிக்கே என் ஓட்டு. பின்ஷீட் வழியாக ஈரம் மெல்ல உள்ளே போகும். உள்ளே செல்லை ஒட்டியிருக்கும் ஈவிஏ என்ற பிளாஸ்டிக் படலம் வெப்பத்திலும் ஈரத்திலும் அசிட்டிக் அமிலம் விட்டு, செல்லின் மேலுள்ள வெள்ளிக் கோடுகளை அரிக்கும். ஷீட்டைத் தடவினால் சுண்ணாம்புப் பொடி போல விரலில் ஒட்டுகிறதா, மழைநாள் காலையில் இன்வெர்ட்டர் 'ஐசொலேஷன் ஃபால்ட்' என்ற மின்கசிவு எச்சரிக்கை காட்டி, வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிறதா? ஷீட் போய்க்கொண்டிருக்கிறது என்றே சந்தேகப்பட வேண்டும். கொல்லங்கோடு, குளச்சல் போலக் கடலோரம் என்றால் பின்ஷீட் வகையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். டாப்கான் வாங்கினாலும் உள்ளே ஈவிஏ-க்குப் பதில் அந்த அமிலம் விடாத பிஓஇ படலம் உள்ளதா, ஐஇசி 61701 உப்பு மூடுபனிச் சோதனை முடித்ததா என்று டேட்டா ஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் கண்ணாடிக்கும் குறை உண்டு. 2 மி.மீ. கண்ணாடி முழு டெம்பர், அதாவது சூடாக்கி முழுதாகக் கடினப்படுத்தியது, அல்ல. கிளாம்ப்பை கையேட்டில் குறித்த இடம் விட்டுப் போட்டாலோ, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்கினாலோ ஓரத்திலிருந்து கீறல் ஓடும். எடையும் முப்பது கிலோவைத் தாண்டும். ஒருவர் தோளில் வைத்து ஏணி ஏறக்கூடாது. அந்த ஃபிரான்ஹோஃபர் ஆய்வில் இரட்டைக் கண்ணாடிக்குக் கார்பன் குறைவாக, 750 என்று வந்தது பிரேம் இல்லாத பேனலுக்கு. இங்கே விற்பது பிரேம் போட்டது, எனவே அந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

அட்சரேகைப்படி இங்கே எட்டு டிகிரி சாய்வு போதும், ஆனாலும் 10 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள். இல்லாவிட்டால் கீழ் பிரேம் ஓரத்தில் தண்ணீர் தங்கி, ரப்பர் தோட்டப் பக்கம் இரண்டு பருவமழைக்குள் பாசி பிடித்துவிடும். கழுவ மென்மையான பிரஷும் தண்ணீரும் போதும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் கூடாது.

பழைய பேனலை ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடைக்கு) போடாதீர்கள். அலுமினியத்தையும் செம்பையும் எடுத்துவிட்டு மீதியைக் கொளுத்தினால், ஃபுளோரின் கலந்த பின்ஷீட்டிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு புகை வரும். 2022 மின்கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்திருக்கிறது; 2034-35 வரை கழிவுப் பேனல்களைச் சேமித்து வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு. உடைந்ததைத் திரும்ப எடுப்போம் என்று பில்லிலேயே எழுதித் தரும் டீலரிடம், சற்று விலை கூடினாலும், வாங்கலாம்.