செல்டாவுக்காக வாங்கிய ஸ்விட்ச்

2017 மார்ச்சில் நான் நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல் வாங்கியது ஒரே ஒரு கேமுக்காக: செல்டா வரிசையில் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்டு’. அந்த மாதம் அமெரிக்காவில் விற்ற ஸ்விட்ச் சுமார் 9,06,000. ஸ்விட்சுக்கான செல்டா 9,25,000க்கு மேல்! அலமாரியில் வைக்க லிமிடெட் எடிஷன் ஒன்று, ஆட இன்னொன்று என்று சிலர் இரண்டாக வாங்கியிருப்பார்கள் என நிண்டெண்டோவே சொன்னது.

அந்தப் பைத்தியம் எனக்குப் புரிகிறது. கேமில் பாதி மலை ஏறியிருப்பேன், மழை பிடித்துக்கொள்ளும். பாறை வழுக்கும். நாலு எட்டு வைத்தால் ஒரு சறுக்கல், பக்கத்தில் தெம்பைக் காட்டும் பச்சை வட்டம் தேய்ந்துகொண்டே வரும். சரி என்று கீழே இறங்கி, பாறை இடுக்கில் ஒதுங்கி, விறகைப் போட்டு நெருப்பு மூட்டி விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். ஒரு கேமில் மழைக்கு ஒதுங்கியது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஆனால் கேம் மட்டுமே மெஷினை விற்றுவிடுமா? இதே செல்டா, ஸ்விட்ச் வெளிவந்த அதே நாளில் நிண்டெண்டோவின் பழைய வீ யூ கன்சோலிலும் வந்தது. 2014இல் மரியோ கார்ட் 8 என்ற கார் பந்தய கேம் வீ யூவில் மட்டும்தான் கிடைத்தது. அப்படியும் வீ யூ கடைசிவரை சுமார் 1.35 கோடிதான் விற்றது. 2017 ஏப்ரலில் அதே மரியோ கார்ட் ‘டீலக்ஸ்’ என்ற பெயரில் ஸ்விட்சுக்கு வந்தது; 6 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டது. ஸ்விட்சோ 15 கோடிக்கு மேல்.

வித்தியாசம் எனக்குத் தெரிந்தது சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில். வீ யூவின் கையடக்கத் திரை, டிவி பக்கத்துப் பெட்டியை விட்டுத் தள்ளிப் போனால் வேலை செய்யாது. ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக்கிலிருந்து உருவிப் பையில் போட்டுக்கொண்டு, இஷூனில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் வரை விட்ட இடத்திலிருந்து ஆடினேன். அப்புறம் அக்கா வீட்டில் இரு பக்கமும் உள்ள ஜாய்கான் கன்ட்ரோலர்களைக் கழற்றிப் பிள்ளைகளிடம் ஆளுக்கொன்று கொடுத்தால் மரியோ கார்ட் ரெடி. சின்னவன் முதலில் ஸ்மார்ட் ஸ்டியரிங் போட்டு ஓட்டினான். வண்டி பாதையை விட்டு விழாமல் அது பார்த்துக்கொள்ளும். இப்போது அதை அணைத்துவிட்டே என்னை முந்துகிறான்.

குறைகள்: முதல் மாடலில் செல்டா ஆடினால் பேட்டரி 3 மணி நேரம்தான். 6.2 அங்குலத் திரை வெயிலில் மங்கல். நிண்டெண்டோவின் சொந்த கேம்கள் லேசில் விலை இறங்காது.

2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்துவிட்டது. பழைய கேம்களில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். செல்டாவும் மரியோ கார்ட்டும் மட்டும் போதும் என்றால், பேட்டரி கூடுதலாக நிற்கும் 2019 மாடல் நல்ல நிலையில் கிடைக்கிறதா பாருங்கள்.