‘குவாரண்டைன் முடிந்த மீன்’: பெங்களூரில் கடல்மீன் வாங்குவோர் கவனத்திற்கு

கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏமாற்றிய முறையை விவரமாகச் சொல்லிவிட்டால், எந்தக் கடையில் அது நடந்தாலும் நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. கல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை என்பதால் அவற்றை நான் தொடுவதில்லை. சோயந்தஸ், மஷ்ரூம் போன்ற மென்பவளங்கள், இரண்டு க்ளீனர் இறால்கள், ஏழு டர்போ நத்தைகள், ஒரு ஜோடி கோமாளி மீன்கள், ஒரு டாம்சல், இவ்வளவுதான் என் குடும்பம். சிவாஜிநகர் பக்கம் உள்ள ஒரு கடையில் பவுடர் ப்ளூ டாங் ஒன்றைப் பார்த்து மயங்கி, 6,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வெள்ளைப் புள்ளி நோய் இந்த மீனைத்தான் முதலில் பிடிக்கும் என்பது தெரிந்தே கேட்டேன். கடைக்காரர் நம் ஊர்க்காரர். “ஒரு மாசம் குவாரண்டைன்ல வெச்சிருந்த மீன் சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார். கண்ணைத்தான் மூடிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை விளக்கைப் போட்டபோது, டாங்கின் துடுப்புகளில் ரவையைத் தூவியதுபோல் புள்ளிகள். மீன் பாறையில் உடம்பை உரசிக்கொண்டே இருந்தது. கடைக்கு ஓடினேன். பெரிய கேனிலிருந்து ஒரு சிறிய வெள்ளைப் புட்டியில் மருந்தை ஊற்றி, மார்க்கர் பேனாவால் ‘ரீஃப் சேஃப்’, அதாவது பவளத் தொட்டிக்குப் பாதுகாப்பானது, என்று எழுதிக் கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, “கம்பெனி சீக்ரெட் சார், பவளத்துக்கு ஒண்ணும் ஆகாது” என்பதே பதில். நூறு லிட்டருக்குப் பத்து மில்லி வீதம் ஊற்றினேன். நான்காம் நாள் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. அன்று இரவே அவருக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த நன்றிக்கு மருந்து எவ்விதத்திலும் உரியதன்று. இந்த நோயைத் தரும் கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணி, மீனின் தோலுக்குள் மூன்று முதல் ஏழு நாள் வரை இருந்து தின்றுவிட்டு, தானாகவே உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொள்கிறது. மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் புள்ளி மறையும். கூட்டுக்குள் அது பலவாகப் பிளந்து, சில நாட்களிலோ சில வாரங்களிலோ நூற்றுக்கணக்கில் வெளியே நீந்தி வந்து மீனைத் தேடுகிறது. ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். இந்த நோய்க்கு வழக்கமாகப் போடும் செம்பு மருந்து கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. எனவே, புள்ளி தெரிந்த பிறகு விற்கும் எந்தத் திரவமும் சில நாளில் பேர் வாங்கிக்கொள்ளும்.

இதற்கிடையில், புட்டியின் உண்மைக் குணத்தை நத்தைகள்தான் முதலில் சொல்லின. மருந்து ஊற்றிய இரண்டாம் நாள் மாலையே கண்ணாடியில் ஒட்டியிருந்தவை ஒவ்வொன்றாக மணலில் மல்லாந்து விழுந்தன. நான் அதைச் சட்டை செய்யவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு இறால்களும் இறந்துகிடந்தன. சோயந்தஸ் மொட்டுகள்போல் மூடிக்கொண்டு பிறகு திறக்கவேயில்லை. பதின்மூன்றாம் நாள் புள்ளிகள் முன்னைவிட அடர்த்தியாக, இம்முறை கோமாளி மீன்களிலும் வந்தன. டாங், ஸ்கிம்மர் என்னும் கழிவு நீக்கும் கருவியின் நீர் விழும் இடத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி இரண்டு நாள் நின்று, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகுதான் செம்பு சோதனைக் கிட் வாங்கினேன். செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். அது இருக்கவே கூடாத என் தொட்டி நீர், வண்ண அட்டையின் முதல் கட்டத்தைத் தாண்டி மூன்றாவதில் போய் நின்றது. சந்தேகம் தீராமல், அதே கடையில் மலிவான டாம்சல் ஒன்றை வாங்கி, அது வந்த பையின் நீரையும் சோதித்தேன். அதிலும் செம்பு இருந்தது, ஆனால் மிகக் கொஞ்சமாக. வேறு பொருளோடு பிணைக்காத தனிச்செம்பாகக் கொடுத்தால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, குறைந்தது மூன்று வாரம், தினமும் அளந்து நிலைநிறுத்தினால்தான் அது சிகிச்சை. பாதி அளவில் வைத்திருந்தால் ஒட்டுண்ணி முழுதாகச் சாகாது. விற்கும்வரை மீனின் மேல் புள்ளி தெரியாமல் இருக்கும். அவர் குவாரண்டைன் என்று சொன்னது இதைத்தான்.

கேட்கப் போனபோது, “காவிரித் தண்ணி ஊத்தியிருப்பீங்க சார்” என்றார். நான் ஆர்.ஓ. நீர் தவிர வேறு எதையும் ஊற்றியதில்லை. முறையிடலாம் என்றால் கையில் இருப்பது பில் அல்ல. ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. கடையின் முத்திரைகூட அதில் இல்லை. மீன் வாங்கும்போது யார்தான் பில் கேட்கிறோம்? கேளுங்கள். தொட்டியில் செம்பு எவ்வளவு என்று உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். செம்பு இல்லாத நீரில் மீன் எத்தனை நாள் இருந்தது என்பதையும் கேளுங்கள். மூலப்பொருள் அச்சிடாத புட்டி எதையும் பவளத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

மிஞ்சிய மூன்று மீன்களும் புதிய டாம்சலும் இப்போது பால்கனியில் 80 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில், அளந்து போட்ட செம்பில் இருக்கின்றன. கூடுகளிலிருந்து வரும் ஒட்டுண்ணிகள் மீன் கிடைக்காமல் சாக, பெரிய தொட்டியில் மீன் இல்லாமல் 76 நாள் விட வேண்டும். இன்று 41ஆம் நாள். செம்பைக் குடித்த மணல் முழுவதையும் அள்ளிக் கொட்டிவிட்டேன். பாறைகள் அதை மெல்லக் கசியவிடும் என்பதால் கார்பனும், செம்பை உறிஞ்சும் குப்ரிசார்ப்பும் போட்டு வாரந்தோறும் அளந்து வருகிறேன்.

சென்ற ஞாயிறு அந்தக் கடை வழியாக நடந்தேன். அதே தொட்டியில் இன்னொரு பவுடர் ப்ளூ டாங் நீந்திக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ‘குவாரண்டைன் முடிந்தது’ என்று அட்டை ஒட்டியிருந்தார்கள்; விலை 7,000.