பளுதூக்கும் ஊரில் வலுதூக்க ஓர் இடம்

பவர்லிஃப்டிங்குக்கு, அதாவது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்று மூன்று வகையில் எடை தூக்கும் வலுதூக்குதலுக்கு, ஜிம் தேடுகிறவர்கள் முதலில் தரையைப் பாருங்கள். இயந்திரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலூரில் நான் ஏறி இறங்கிய ஜிம்களில் பெரும்பாலானவை கடைகளுக்கு மேலே, முதல் மாடியிலோ இரண்டாம் மாடியிலோ இருக்கின்றன. எடை மாட்டிய இரும்புத் தண்டை (பார்) தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டையும், படுத்தபடி அதைத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸையும் மாடியில் எப்படியாவது சமாளித்துவிடலாம். தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்டில் ஒவ்வொரு முறையும் பார் தரைக்கு வந்தே தீர வேண்டும். நூறு கிலோவை எவ்வளவு பதமாக இறக்கினாலும் கீழே இருப்பவருக்கு அது கேட்கும்.

முன்பு நான் போய்க்கொண்டிருந்த இடம் காட்பாடி பக்கம், இரண்டாம் மாடி, ஏசி வசதியுடன். "டெட்லிஃப்ட் செய்யலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தேன். "தாராளமாகச் செய்யுங்கள், மேடம்" என்றார்கள். ஆண்டுச் சந்தா கட்டிய பிறகு கீழே இருந்த கிளினிக்கிலிருந்து புகார் வந்தது. அடுத்த வாரமே சுவரில் தடை அறிவிப்பு ஒட்டப்பட்டது. பணம் திரும்பவில்லை. கிளினிக்காரர்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. நோயாளி படுத்திருக்கும் அறைக்கு மேல் இரும்பு இடிபட்டால் யார்தான் பொறுப்பார்கள்? கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தும் உறுதி சொல்லிச் சந்தா வாங்கியதைத்தான் இன்றும் ஏற்க முடியவில்லை.

இப்போது பயிற்சி செய்வது சத்துவாச்சாரியில், தரைத்தளக் கூடத்தில். சில வருடங்களாகிவிட்டன, மாற்றும் எண்ணமில்லை. ஏசி கிடையாது. மே மாதத்தில் மாலை ஆறு மணிக்கும் சுவர் அனலடிக்கும். ஆனால் தரை சிமெண்ட், அதன் மேல் தடித்த ரப்பர் விரிப்பு. பக்கத்துக் கடைக்காரர்களும் பார் இறங்கும் சத்தத்துக்குப் பழகியவர்கள். காமன்வெல்த் போட்டிகளில் இரண்டு முறை தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் இது. 2014இல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ. 2018இல் கோல்ட்கோஸ்டில் 317 கிலோ. அவருடையது எடையைத் தலைக்கு மேல் தூக்கும் பளுதூக்குதல், எங்களுடையது வலுதூக்குதல். விளையாட்டு வேறு, விதிகள் வேறு. ஆனாலும் தலைமுறையாக எடை தூக்கும் பிள்ளைகளைப் பார்த்த ஊரில், ஒரு பெண் பார் பக்கம் போனால் யாரும் டிரெட்மில்லைக் காட்டுவதில்லை.

கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன். பார் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கண் போதாது. பாரைத் தாங்கும் இரும்புச் சட்டமான ரேக்கின் கொக்கிகளில் வைத்துக் கையால் உருட்டிப் பாருங்கள். வளைந்த பார் நடுவில் ஆடும். தராசு கிடைத்தால் எடை போடுங்கள். "இருபது கிலோ பார்" என்று சொல்லப்படுவது பதினைந்துக்குப் பக்கத்தில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பெண்கள் வந்தால் மெல்லிய பாரை எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. பளுதூக்குதலில் பெண்களுக்கு 15 கிலோ, 25 மில்லிமீட்டர் பார் தனியாக இருப்பது உண்மை. பவர்லிஃப்டிங்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 20 கிலோ பார்தான். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் கை அந்தத் தடிமனுக்குப் பழக வேண்டும். பாரில் மாட்டும் எடைத்தட்டான பிளேட்டின் விட்டத்தையும் கவனியுங்கள். பெரிய பிளேட் 45 சென்டிமீட்டர் இருந்தால்தான் டெட்லிஃப்ட் பார் சரியான உயரத்தில் தொடங்கும். சின்ன பிளேட் மட்டும் இருக்கும் இடத்தில் பார் தாழ்ந்துவிடும், முதுகு தேவையில்லாமல் வளையும். இரண்டு பக்கமும் ரப்பர் துண்டுகளை அடுக்கி உயர்த்திக்கொள்ளலாம்.

பார் தண்டவாளத்தில் மாட்டியபடி மேலும் கீழும் மட்டுமே நகரும் ஸ்மித் மெஷினைக் காட்டி "ஸ்குவாட் ரேக் இருக்கிறது" என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

என்னைப் பொறுத்தவரை ரேக்கில் உயிரானது பாதுகாப்புக் கம்பிதான். பல ஜிம்களில் பெண்களுக்கான நேரம் என்று காலை பத்து மணிக்கு மேலும், பிற்பகலிலும் ஒதுக்கியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களால் அந்த நேரத்தில் வர முடியாது. ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் நர்ஸ்கள்தான் வருகிறார்கள். அப்போது கூடத்தில் துணைக்கு நிற்க ஆளிருக்காது. எழ முடியாமல் போனால் பாரைத் தாங்கக் கம்பி இல்லையென்றால் அங்கே கனமான ஸ்குவாட்டே செய்யக் கூடாது. எங்கள் கூடத்தில் விடியற்காலை நேரம் எல்லோருக்கும் பொது. நான் சேர்ந்ததற்கு அது பெரிய காரணம்.

பொது நேரம் என்றால் துணைக்கு ஆள் பிடிக்கும் பிரச்சினை வருகிறது. ஸ்குவாட்டில் பின்னால் நின்று மார்புக்குக் கீழ் கை கொடுப்பது பலருக்குத் தெரிந்த முறை. பெண்களுக்கு அது சங்கடம். உதவ வரும் தம்பிகளுக்கும் சங்கடம்தான். போட்டி மேடையில் பாரின் இரண்டு முனைகளிலும் ஆள் நிற்பார்கள். அதையே இங்கேயும் கேட்டு வாங்கினேன்: முனைக்கு ஒருவர், உடம்பைத் தொட வேண்டியதில்லை, இருவரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். தொடங்கும் முன்பே எத்தனை முறை செய்யப்போகிறேன், எப்போது பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். நான் "பிடி" என்று சொல்லும்வரை விரல் படக் கூடாது. மாஸ்டர் இதை இப்போது புதிதாகச் சேரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்.

மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்துவிடுவார்கள். ரேக் ஒன்றே ஒன்று. கனமான செட்டுக்கு நடுவே நான்கைந்து நிமிடம் ஓய்வு வேண்டும், ஆனால் பார்ப்பவருக்கு நாம் இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். அதனால் நாம்தான் முந்திக்கொண்டு அழைக்க வேண்டும். "இன்னும் எத்தனை செட் இருக்கிறது, அக்கா?" என்று ஒரு பையன் தயங்கிக் கேட்பதற்கு முன்பே, "வா தம்பி, சேர்ந்தே செய்யலாம்" என்றால் அந்த ஐந்து நிமிடத்தில் அவன் செட்டும் முடிந்துவிடும், பிளேட் மாற்றவும் ஒரு கை கூடுதலாகக் கிடைக்கும். ரேக்குக்குள் நின்று வெறும் கைப்பயிற்சி செய்கிறவரிடமும் சண்டை போட்டதில்லை. அவரும் சந்தா கட்டியவர். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன்.

முடித்ததும் பிளேட்டைக் கழற்றி வைக்காமல் போகிறவர்களிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை. காலை ஏழு மணிக்கு எங்கள் கூடத்துக்கு அறுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முழங்கால் பயிற்சிக்காக வருகிறார். ஒரு பக்கத்துக்கு மூன்று இருபது கிலோ பிளேட் மாட்டிய பாரை அவர் என்ன செய்வார்? பாரை மேலிருந்து அப்படியே போடுவதும் அதே ரகம்தான். போட்டியில் நடுவர் "டவுன்" சொன்ன பிறகும் இரண்டு கையாலும் கட்டுப்படுத்தி இறக்காவிட்டால் அந்த முயற்சி செல்லாது. ஜிம்மில் போட்டுப் பழகியவர் மேடையிலும் போடுவார். வார்ப்பிரும்பு பிளேட்டும் விரிசல் விடும்.

சாக் பவுடருக்கு எங்கள் உரிமையாளரும் முதலில் சம்மதிக்கவில்லை. வெள்ளைத் தூள் எங்கும் படியும், பெருக்க வரும் அம்மாவுக்குத்தான் வேலை என்றார். நியாயமான பேச்சு. வேலூர் வியர்வையில் அது இல்லாமல் பார் வழுக்கும் என்பதும் உண்மை. மூடியுள்ள டப்பாவுக்குள்ளேயே கையைத் தேய்ப்பது, போகும் முன் பாரை நைலான் பிரஷ்ஷால் துடைப்பது, கீழே சிந்தியதை நாங்களே துடைப்பது என்று ஒப்புக்கொண்ட பிறகு அனுமதித்தார். இன்றுவரை அது மீறப்படவில்லை. ஒருவர் மீறினாலும் எல்லோருக்கும் அந்த அனுமதி போய்விடும் என்று புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

குறைகள் உண்டு. பெஞ்ச் போட்டி அளவைவிடக் குறுகல்; தோள் முழுதாகப் பதியாது. மின்சாரம் போனால் மின்விசிறியும் நின்றுவிடும், ஜெனரேட்டர் இல்லை. 1.25 கிலோ பிளேட் கிடையாது. இருப்பதில் சிறியது 2.5 என்பதால் ஒரே தாவலில் ஐந்து கிலோ கூட்ட வேண்டியிருக்கிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் பெண்களுக்கு அது பெரிய தாவல். நான் ஒரு ஜோடியைச் சொந்தமாக வாங்கி ரேக் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திரும்ப வைத்தால் போதும்.

சேர நினைப்பவர்களுக்கு ஒன்று: உரிமையாளர் வரச்சொல்லும் மதிய நேரத்தில் போய்ப் பார்க்காதீர்கள். நீங்கள் பயிற்சி செய்யப்போகும் நேரத்திலேயே போய், ஒரு நாள் கட்டணம் கட்டி, டெட்லிஃப்ட் செய்து பாருங்கள். மாடியாக இருந்தால் இறங்கிப்போய்க் கீழ்க்கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆண்டுச் சந்தாவைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.